கட்டை அடித்தால்தான் கஞ்சி

தேவராஜை ஜீப்பில் ஏற்றியபோது எல்லம்மாவின் கையில் கஞ்சிக் கரண்டி இருந்தது. அதைக் கீழே வைக்க அவளுக்குத் தோன்றவில்லை. கரண்டியோடேயே மடத்து கேட்டு வரைக்கும் ஓடினாள். “யக்கா, நான் ஒண்ணும் பண்ணல யக்கா” என்று தம்பி கத்தியது ஒரு தடவைதான் கேட்டது. ஜீப் பூந்தமல்லி ரோட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. கேட்டருகே கூடியிருந்தவர்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். கொலைகாரனின் அக்காவுக்கு விடுகிற வழி அது. கொஞ்சம் அகலமாகவே இருந்தது.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

பருத்திப்பட்டு ஏரிக்கு மேற்கே, மூன்று பக்கமும் அடுக்குமாடி வீடுகள் முளைத்துவிட்ட இடத்தில் அந்தக் கத்தோலிக்கக் கன்னியர் மடம் இருந்தது. நடுவில் முற்றம், சுற்றிலும் வராந்தா, ஒரு மூலையில் சின்னக் கோயில். கோயிலை ஒட்டி மணிமேடைக்கு ஏறுகிற படிக்கட்டு. இரண்டு சுவருக்கு நடுவே குறுகலாக வளைந்து போகும். ஏழு கன்னியர் இருந்தார்கள். எல்லம்மா பத்தொன்பது வருஷமாக அங்கே சமையல். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவாள், பெரிய வெள்ளிக்கு மடத்துக் கஞ்சி காய்ச்சுவாள். இரண்டுக்கும் அதே துடுப்புதான்.

தாய் செத்தபோது தேவராஜுக்கு மூன்று வயது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடவுக்குப் போனவள் எல்லம்மா. அந்த வயலெல்லாம் மனையாகிப் போனபின் அவனையும் மடத்தில் சேர்த்துவிட்டாள். செடிக்குத் தண்ணீர் விடுவான், மோட்டார் போடுவான், காலை, மதியம், மாலை மூன்று வேளையும் திரிகால செபத்துக்கு மணி அடிப்பான். குடிப்பான். குடித்துவிட்டும் மணியை மட்டும் சரியாக அடிப்பான்.

மடத்துக்குள் அந்த வருஷம் நிம்மதி இல்லை. தலைமை மடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது: இந்த வீட்டை மூடிவிட்டு எல்லோரும் வேறு மடங்களுக்குப் போய்விட வேண்டும் என்று. மடத்துத் தலைவி மதர் இருதயமேரி சரி என்றுவிட்டார். மற்றவர்களில் பாதிப் பேர் அவர் பக்கம், பாதிப் பேர் எதிர்ப்பக்கம். ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டதை எல்லம்மா பார்த்ததில்லை. ஒருநாள் சாப்பாட்டறைக்குப் போனால் நீள மேசை இரண்டு மேசையாகப் பிரிந்து கிடந்தது. அன்றிலிருந்து ஒரு பாத்திரத்தில் போன சாம்பார் இரண்டு கிண்ணத்தில் போயிற்று. அவ்வளவுதான் சண்டை.

எதிர்ப்பக்கத்தில் முன்னால் நின்றவர் சிஸ்டர் அருள்மொழி. ஐம்பத்திரண்டு வயது. மடத்திலேயே மூத்தவரான சவரியம்மாளுக்கு எண்பத்தேழு. அந்த முதியவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார வைப்பதெல்லாம் பதினைந்து வருஷமாக அருள்மொழிதான். மடத்தை மூடினால் சவரியம்மாளை திண்டிவனம் தாண்டி ஏதோ முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதாக ஏற்பாடு. ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை வேன் வரும் என்று மதர் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார். வாயால் சொல்லவில்லை.

பெரிய வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை தேவராஜையும் வேலையை விட்டு நிறுத்தினார். மூக்கு முட்டக் குடித்துவிட்டு ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவில் படுத்திருந்தான்.

“சனிக்கிழமை பாஸ்கா மணி அடிச்சிட்டு நீ போயிடலாம்” என்றார் மதர்.

தேவராஜ் முற்றத்தில் நின்று கத்தினான். “என்னியா போவச் சொல்ற? ஒரு நாள் இல்லாங்காட்டி ஒரு நாள் அந்த மணியே உன் தலைல உழும் பாரு!”

ஏழு பேரும் கேட்டார்கள். தெருவும் கேட்டது. எல்லம்மா வந்து அவன் முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு போனாள்.

இனி அந்த மணியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரிய வியாழன் சாயங்காலப் பூசையில் ஒரு பாட்டுக்கு மணியெல்லாம் முழங்க அடிப்பார்கள். அதோடு சரி. சேசுநாதர் சாவுக்கு மணி ஒலிக்கக் கூடாது என்று மணியின் நாக்கைத் துணியால் சுற்றிக் கட்டிவிடுவார்கள். சனிக்கிழமை பாஸ்கா பூசையில்தான், அவர் உயிர்த்தெழுந்ததற்கு, அவிழ்ப்பார்கள். நடுவில் வேளை தெரிய வேண்டுமே, அதற்கு ஒரு கட்டை. பலகையில் கீல் வைத்து ஒரு மரச்சுத்தி. ஆட்டினால் ‘டக டக டக’ என்று எலும்பு தட்டுகிற மாதிரி சத்தம் வரும். அதை எடுத்துக்கொண்டு வராந்தாவை மூன்று பக்கமும் சுற்றி வருவது சிஸ்டர் அருள்மொழியின் வேலை. இந்த மடத்தில் அந்த இரண்டு நாளும் பேச்சும் கிடையாது. வெளியார் கேட்டால் மட்டும் கேட்டதற்குப் பதில் சொல்லலாம்.

பெரிய வெள்ளி மதியம் கட்டை அடித்ததும் கேட்டைத் திறந்து ஊருக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். பச்சரிசியும் பாசிப்பருப்பும் தேங்காயும் போட்ட கஞ்சி. முதல் கரண்டியை மதர் ஊற்றுவார். அதுவரைக்கும் யாருக்கும் ஒரு துளி கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கே தூக்குவாளி, குண்டான், பெயிண்ட் வாளி என்று ரோடு வரைக்கும் வரிசை நின்றது. கஞ்சி அண்டாவைக் கேட்டருகே கொண்டுவந்து இறக்கியாயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. கட்டை அடிக்கவில்லை.

“இன்னாடி எல்லம்மா, ஆறிப்போவுது பாரு. ஊத்துடி!” என்றாள் வரிசையில் முதலில் நின்ற குப்பம்மா. எல்லம்மாவுக்குப் பக்கத்துத் தெரு.

“கட்டை அடிக்கணும்.”

“கட்டை அடிக்கலன்னா?”

“அடிச்சாத்தான் கஞ்சி.”

“ஏன், நான் வேணா வந்து ஒரு கட்டைய எடுத்து உன் மண்டைல அடிக்கட்டா? வெயில்ல நின்னு எனக்கே சாவு மணி அடிச்சிடும் போல கீது.”

வரிசை சிரித்தது. குப்பம்மா செல்போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ‘டக டக டக’ என்றது. கோயிலுக்குள் கன்னியர் முழந்தாளிட்டார்கள். மதர் மட்டும் வரவில்லை. எல்லம்மா எட்டி எட்டிப் பார்த்தாள். கடைசியில் வேறொரு சிஸ்டர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி ஊற்றச் சொன்னார். ஊற்றினாள்.

ஒரு மணிக்கு அண்டா காலி. மதருக்கென்று எடுத்து வைத்த கஞ்சியோடு எல்லம்மா தேடிப் போனாள். மணிமேடைப் படிக்கட்டின் முதல் வளைவில் மதர் கிடந்தார். தலைக்குக் கீழே ரத்தம் உறைய ஆரம்பித்திருந்தது. கண் திறந்திருந்தது. எல்லம்மா கஞ்சியைக் கொட்டாமல் ஓரமாக வைத்துவிட்டுத்தான் கத்தினாள்.

வழுக்கி விழுந்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் வலது மேல்கையில் ஐந்து விரலும் பதிந்த கன்றல் இருந்தது. யாரோ இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் உயிர் இருந்திருக்கிறது என்றார் டாக்டர். ஆக, விசாரணை வந்தது. இன்ஸ்பெக்டர் பக்தவத்சலம் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரையாகக் கேட்டார். எல்லம்மா சமையல்கட்டு வாசலில் நின்றாள். அவருக்கு ஆறு பேரில் ஐந்து பேரிடமிருந்து ஐந்து வரிதான் கிடைத்தது.

“பன்னிரண்டு மணிக்கு எங்க இருந்தீங்க?” என்று அருள்மொழியிடம் கேட்டார்.

“கட்டை அடிச்சேன்.”

அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சவரியம்மாள் மட்டும்தான் நீளமாகச் சொன்னார். முதுமையில் மௌனமெல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது. “மதியம் மணி அடிச்சுது. நான் இங்கதான் உக்காந்து திரிகால செபம் சொல்லிக்கிட்டிருந்தேன். தேவராஜ் மணிமேடையில இருந்து எறங்கி வந்தான். துண்டால மொகத்தத் தொடச்சிக்கிட்டே வந்தான். என்னைப் பாத்து சிரிச்சான்.”

இன்ஸ்பெக்டர் அதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை அவன் கத்தியதைத் தெருவில் பத்துப் பேர் சொன்னார்கள். வேறென்ன வேண்டும்? மோட்டார் ரூம் பின்னால் படுத்துக்கிடந்தவனை எழுப்பி ஜீப்பில் ஏற்றினார்கள். அப்போதுதான் எல்லம்மா கரண்டியோடு ஓடினாள்.

மறுநாள் காலை அவள் டிபன் பாக்ஸோடு ஸ்டேஷனுக்குப் போனாள். தேவராஜ் கம்பிக்குப் பின்னால் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

“இன்னாடா பண்ண?”

“தூங்கினு இருந்தேன் யக்கா. வியாழக்கெழம சாயங்காலம் மணியக் கட்டினதோட சரி, அந்தப் படிப் பக்கமே போவல.”

“தூங்கினத யாருனா பாத்தாங்களா?”

“தூங்கறப்ப யாரு பாத்தாங்கன்னு எனக்கு எப்டி யக்கா தெரியும்?”

அவளுக்கு அறையலாம் போலவும் இருந்தது, அழலாம் போலவும் இருந்தது. டிபன் பாக்ஸை உள்ளே தள்ளிவிட்டு இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றாள்.

“சார், அவன் வாய் மட்டுந்தான் சார். கை நீள்றவன் இல்ல.”

“ஏம்மா, எம்பத்தேழு வயசு கன்னியாஸ்திரி பொய் சொல்லுவாங்களா?”

“சொல்லமாட்டாங்க சார்.”

“அப்புறம்?”

அவளுக்குத் தெரிந்த மனிதர்களிலேயே பொய் சொல்லாத ஒரே ஆள் சவரியம்மாள்தான்.

“நாலு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்குக் கொண்டு போறோம். அங்கேருந்து நேரா புழல். வக்கீல் யாராச்சும் இருந்தா பாத்து வை” என்றார் அவர். கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கு வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

புழல் ஜெயில் சுவரை எல்லம்மா பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறாள். இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளையை அதற்குள் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நாலு மணிக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.

தெருமுனையில் குப்பம்மா மறித்தாள். “அடியே, நில்லு. உன் தம்பி அந்தப் பொம்பளயக் கொன்னான்னு எவன் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். ஒரு கோழியப் புடிக்கத் துப்பு இல்ல அவனுக்கு. போன பொங்கலுக்கு எங்க ஊட்டுக் கோழி அவனத் தொரத்திச்சு, ஏரிக்கரை வரிக்கும் ஓடினான்.”

எல்லம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குப்பம்மா அவளை வாசற்படியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல் செல்போனை எடுத்தாள். “நேத்து உன்ன எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன், பாத்தியா? இன்னும் கொஞ்ச நேரத்துல போயிடும். எழுவத்திமூணு பேரு பாத்துக்கீறாங்கோ.”

வீடியோவில் வாளி வரிசை. வெயில். குப்பம்மாவின் குரல்: “பாருங்க மக்களே, மணி பன்னெண்டு இருவது ஆவுது, இன்னும் ஒரு சொட்டு கஞ்சி ஊத்தல. கரண்டிய வெச்சிகினு செல மாதிரி நிக்கிறா பாருங்க, இவதான் எல்லம்மா...” கடைசியில் ‘டக டக டக’ என்ற சத்தம். “அடிச்சாச்சுடா!” என்று யாரோ விசிலடித்தார்கள்.

“இன்னொரு தபா போடு” என்றாள் எல்லம்மா.

“உன் மூஞ்சி நல்லாத்தான் கீது, கவலப்படாத.”

“போடு குப்பம்மா.”

இந்தத் தடவை அவள் தன் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டாள். கட்டை. நேற்று முழுக்கக் கட்டைதான். பெரிய வெள்ளியில் மணி ஏது? அந்த மணி நாக்கைத் தேவராஜே தன் கையால் கட்டியிருந்தான். அப்படியானால் மணி அடித்தது, செபம் சொன்னேன், தேவராஜ் இறங்கி வந்தான் என்று சவரியம்மாள் சொன்னது வெள்ளிக்கிழமையே இல்லை. முந்தின நாள் வியாழக்கிழமை. அன்று மதியம் தேவராஜ்தான் மணி அடித்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து சமையல்கட்டில் மோர் கேட்டானே!

பொய் இல்லை. நாள் மாறிப்போய்விட்டது. எழுபது வருஷமாக மதியம் என்றால் மணி என்று இருந்த காதுக்கு, இன்ஸ்பெக்டர் ‘மதியம்’ என்றதும் மணிதான் கேட்டிருக்கிறது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தனக்கும் உறைக்கவில்லையே என்று எல்லம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். வேறொன்று இடித்தது. பன்னிரண்டு இருபது. அருள்மொழி சிஸ்டர் கட்டை அடிக்க இருபது நிமிடம் தாமதமா? போன வருஷம் காய்ச்சல் நூற்றிமூன்று இருந்தபோதும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சரியாக அடித்தவர் அவர். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் எல்லம்மா சுவர்க்கடிகாரத்தையே திருத்துவாள்.

“இன்னாடி, பேயறஞ்ச மாதிரி கீற?” என்றாள் குப்பம்மா.

“அந்த வீடியோவ அழிச்சிடாத. ரெண்டு மணிக்கு ஸ்டேஷனுக்கு எட்துகினு வா.”

மடத்துக்கு அவள் போனபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். யாரும் அவளைத் தடுக்கவில்லை, யாரும் பேசவுமில்லை. படிக்கட்டு வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். வராந்தாவில் சவரியம்மாள் வழக்கமான நாற்காலியில் இருந்தார். எல்லம்மா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

“பெரிய சிஸ்டர், தேவராஜ் எறங்கி வந்தத பாத்தீங்களே, அன்னிக்கி மணி எப்டி அடிச்சுது?”

“எப்படின்னா? வழக்கம்போல. மூணு மூணா.”

“நேத்திக்கு பெரிய வெள்ளி ஆச்சே.”

“ஆமா, பெரிய வெள்ளி. மணியைக் கட்டிடுவாங்களே” என்றார் சவரியம்மாள். மடியில் கிடந்த செபமாலையை ஒரு விரல் மட்டும் தேடியது. “அப்ப நான் பாத்தது...”

“வியாழக்கெழம.”

“நான் பொய்சாட்சி சொல்லிட்டேனா எல்லம்மா?”

“இல்ல சிஸ்டர். நாளு மாறிப்போச்சு. ஒங்களாண்ட யாரும் ஒழுங்கா கேக்கல.”

அப்போது கட்டைச் சத்தம் தொடங்கியது. எல்லம்மா திரும்பிச் சமையல்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு முள்ளும் ஒன்றாக நின்றன. அருள்மொழி வராந்தா வளைவில் வந்தார். முகம் வீங்கியிருந்தது. மற்றபடி நடையில் ஒரு மாற்றமும் இல்லை.

“நேத்திக்கு மட்டும் ஏன் சிஸ்டர் லேட்டு?” என்று எல்லம்மா கேட்டாள்.

அருள்மொழி நிற்கவில்லை. மூன்றாவது பக்கத்தையும் சுற்றி முடித்தார். அப்புறம் திரும்பி வந்து கட்டையைத் தரையில் வைத்துவிட்டு எல்லம்மாவுக்கு எதிரே தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். கேட்டால் பதில் சொல்லலாம் என்பது விதி. கேட்க ஆள் வந்துவிட்டது.

“மணி நாக்கை உன் தம்பி சரியா கட்டியிருக்கானான்னு பாக்க மதர் மேல போனாங்க. நான் கையில கட்டையோட பின்னாடியே போனேன். திங்கக்கிழமை வேனை மட்டும் வேணாம்னு சொல்லுங்க, பெரிய சிஸ்டர் இருக்கிற வரைக்கும் பொறுங்கன்னு கேட்டேன். மௌனத்தை மீறித்தான் கேட்டேன். அவங்க திரும்பி விரலை ஒதட்டுல வெச்சாங்க. பேசக்கூடாதாம். மறுபடி கேட்டேன். மறுபடியும் விரல். ஆறு மாசமா அதுதானே, பலகையில எழுதுவாங்க, விரலைக் காட்டுவாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கையைப் புடிச்சு உலுக்கினேன். அவங்க கையை உருவினாங்க. நான் விட்டேனா தள்ளினேனான்னு நேத்துலேருந்து யோசிக்கிறேன். தள்ளினேன். தள்ளினேன்னுதான் தோணுது.”

சவரியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாரா என்று தெரியவில்லை. கண் மூடியிருந்தது.

“உசிரு இருந்துச்சா?” என்றாள் எல்லம்மா.

“இருந்துச்சு. என்னைப் பாத்தாங்க. கத்தலாம்னு வாயைத் தொறந்தேன். அவங்க கை மெல்ல எழும்பி ஒதட்டுக்குப் போச்சு. நான் வாயை மூடிக்கிட்டேன்.” அருள்மொழி தன் இரண்டு கைகளையும் பார்த்தார். “அப்புறம் கட்டை ஞாபகம் வந்துச்சு. வேளை தப்பிப்போச்சேன்னு பயந்துட்டேன். நம்புவியா? அதுக்குத்தான் பயந்தேன். கீழ எறங்கி மூணு பக்கமும் அடிச்சிட்டுக் கோயிலுக்குள்ள போய் முட்டி போட்டேன்.”

“அடுப்படி கூப்பிடு தூரந்தான சிஸ்டர். ஒரு கொரல் குடுத்திருந்தா நான் ஓடியாந்திருப்பேனே.”

அருள்மொழி தரையில் கிடந்த கட்டையைத் திருப்பி வைத்தார்.

“என் தம்பிய இட்டுகினு போனப்பகூட வாயத் தொறக்கல நீங்க.”

“அவர் பன்னிரண்டு மணிக்கு எங்கேன்னு கேட்டார். இந்த வீட்டுல கட்டை எப்ப அடிக்குதோ அதுதான் பன்னிரண்டு. நான் சொன்னது பொய் இல்லைன்னு ராத்திரி பூரா எனக்கே சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

“பொய்யி இல்ல சரி. அவன் கம்பிக்குள்ள கீறானே.”

“சாயங்காலம் பாஸ்கா பூசை. அது முடிஞ்சதும் நானே வந்து...”

“நாலு மணிக்கு அவன புழலுக்கு இட்டுகினு போவாங்க.”

எல்லம்மா கோபமாகச் சொல்லவில்லை. பால்காரர் வரும் நேரத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் பிரசவத்துக்குத் துணைக்கு வந்தவர், மகள் படிப்புக்கு எழுதிக்கொடுத்தவர், அவள் அழுதால் பக்கத்தில் வந்து சும்மா உட்கார்ந்திருந்தவர் எல்லாம் இதே அருள்மொழிதான். அதையெல்லாம் அவள் மறக்கவில்லை. அதற்காக நாலு மணி ஐந்து மணியாகிவிடாது.

“இவங்களுக்கு ஒரு மணிக்குக் கஞ்சி ஊட்டணும். வேற யாரு ஊட்டினாலும் பொறை ஏறும்” என்றார் அருள்மொழி, சவரியம்மாளைக் காட்டி.

“ஊட்டிட்டு வாங்க. அதுக்கு டைம் கீது. நான் ஒக்காந்திருக்கேன்.”

அவர் ஊட்டினார். ஒவ்வொரு வாயும் விழுங்கிய பிறகு தொண்டையைத் தொட்டுப் பார்த்து அடுத்த வாய். எல்லம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்த விரலுக்கு அடியில் ஸ்பூனைப் பிடிக்கிறார், எந்தப் பக்கம் தலையைச் சாய்க்கிறார் என்று. நாளையிலிருந்து யாராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் அல்லவா?

ஷேர் ஆட்டோவில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். எதிரே இருந்த கல்லூரிப் பெண் சிஸ்டருக்கு இடம் விட்டு நகர்ந்தாள். ஆட்டோக்காரர் எல்லம்மாவிடம் மட்டும் காசு வாங்கினார். ஸ்டேஷன் வாசலில் குப்பம்மா செல்போனை அணையாத விளக்கு மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. தேவராஜுக்காக இந்தக் கன்னியாஸ்திரி தியாகம் பண்ணுகிறார் என்று நினைத்தார். மணியைக் கட்டுகிற வழக்கத்தைச் சொல்லி, வீடியோவைப் போட்டுக் காட்டி, எல்லம்மா தொண்டை வறண்டுபோகப் பேசினாள். அவர் மடத்துக்குப் போன் போட்டு சவரியம்மாளை மறுபடி கேட்கச் செய்தார்; பார்த்தது வியாழக்கிழமை என்று பதில் வந்தது. கடைசியில் அருள்மொழி தன் வலது கையை மேசை மேல் விரித்து வைத்தார். கட்டைவிரல் நகம் உடைந்திருந்தது. டாக்டர் அறிக்கையில் கன்றலுக்குள் ஒரு நகக்கீறல் எழுதியிருந்தது. பக்தவத்சலம் அந்தத் தாளையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எத்தனை மணிக்கும்மா?” என்றார். குரல் தணிந்துவிட்டது.

“என்கிட்ட வாட்ச் இல்லை.”

“பன்னெண்டு அடிக்க கொஞ்சம் முன்னால சார்” என்றாள் எல்லம்மா. “கட்டை அடிச்சது பன்னெண்டு இருவது.”

அவர் எழுதினார்.

மூன்றேகாலுக்குத் தேவராஜை விட்டார்கள். வெளியே வந்ததும் அக்காவைப் பார்த்து, “கஞ்சி மிச்சம் கீதா யக்கா?” என்றான். குப்பம்மா அவன் காதைத் திருகினாள். எல்லம்மா அவனுக்குச் சட்டையைப் போட்டுவிட்டாள், நாற்பது வயது ஆம்பிளைக்கு, பொத்தான் வரைக்கும்.

அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று முடிக்கவில்லை, மடத்திலிருந்து ஒரு சிஸ்டர் வந்துவிட்டார். மதர் பக்கம் இருந்தவர். பாதிரியாருக்கு இரவில் ஆவடியில் பூசை என்பதால் மடத்துக்கு ஆறரைக்கே பாஸ்கா பூசை. மணியை அவிழ்க்க ஆள் இல்லை.

“நான் போவமாட்டேன்” என்றான் தேவராஜ். “என்னியக் கொலகாரன்னு சொன்ன ஊடு அது.”

“சொன்னது அந்த ஊடு இல்ல. அந்த ஊடு ஒண்ணுமே சொல்லல, அதான் வெனையாப் போச்சு” என்றாள் எல்லம்மா. “கட்டினவன் நீ. நீதான் அவுக்கணும். வா.”

அவன் மேலே ஏறினான். எல்லம்மா படிக்கட்டின் கீழே, கழுவிவிட்ட இடத்தில் கால் படாமல் நின்றாள். கோயிலுக்குள் மிச்சமிருந்த நான்கு கன்னியரில் மூன்று பேர்தான் பாடினார்கள், ஒருவர் அழுதுகொண்டிருந்தார். சவரியம்மாள் வராந்தாவில் நாற்காலியில் இருந்தார். மத்தியானம் வரைக்கும் அவர் பின்னால் நின்ற ஆள் இப்போது இல்லை. திங்கட்கிழமை வேன் வருமா, வராதா என்று யாருக்கும் தெரியவில்லை. பலகையில் எழுதியது அப்படியே இருந்தது.

மணிக்குரிய பாட்டு தொடங்கியதும் மணி அடித்தது. இரண்டு நாள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து அடித்த மாதிரி, பக்கத்து அடுக்குமாடி ஜன்னல்கள் திறக்கும்படி தேவராஜ் இழுத்து இழுத்து அடித்தான். முடித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தான். சவரியம்மாளைப் பார்த்து, பழக்கத்தில், சிரித்தான்.

அவர் கையை நீட்டி எல்லம்மாவின் முந்தானையைப் பிடித்தார்.

“எல்லம்மா, இப்ப மணி அடிச்சுதா?”

“அடிச்சுது சிஸ்டர்.”

“இன்னைக்கா?”

“இன்னிக்குத்தான். இப்பத்தான்” என்றாள் எல்லம்மா.